மூலைத் தட்டில் இருந்த இருபது வரி

"நான் செத்துப்போனா எனக்கு எத்தனை வரி போடுவாரு, டில்டா?"

பெக்வித் அம்மா இதைக் கேட்டபோது நான் அவளுடைய நெற்றியில் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். மாடி அறையின் ஜன்னலில் போர்வையை நனைத்துத் தொங்கவிட்டிருந்தோம். அதையும் தாண்டி அனல் காற்று உள்ளே வந்தது, புழுதியோடு. கேட்டுவிட்டு அவள் சிரிக்கப் பார்த்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்ததால் சிரிப்பு பாதியில் நின்றது.

டன்மோரில் இது எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஊரில் யார் செத்தாலும் 'டன்மோர் பேனர்' பத்திரிகையில் அவளுடைய கணவர் எடிட்டர் பெக்வித் ஒரு பாட்டு எழுதுவார். விவசாயி என்றால் நாலு வரி. கடைக்காரர் என்றால் எட்டு. நீதிபதி ஸ்லோகம் செத்தபோது பதினாறு வந்தது. கைக்குழந்தைக்கு இரண்டு. மளிகைக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள், "உனக்கு நாலே வரிதான்டா, அதுலயும் ரெண்டு உன் கோவேறு கழுதையைப் பத்தி இருக்கும்" என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். ஆனால் வீட்டில் சாவு விழுந்து பாட்டு வராமல் போனால், அதே ஆள் சாட்டையோடு அச்சகத்துக்கு வந்து நிற்பான்.

எனக்குப் பதில் தெரியும். இருபது வரி. அன்று காலைதான் கீழே அச்சகத்தில் என் கையால் ஈய எழுத்தில் கோர்த்துவிட்டு வந்திருந்தேன்.

"நீ எங்க பேசப்போற" என்றாள் அவள். "பள்ளிக்கூடத்துல பாட்டு ஒப்பிக்கச் சொன்னாங்கன்னு ஓடிவந்தவதானே நீ. ஊரே நின்னு பாக்க, மேடையிலேருந்து குதிச்சு ஓடினியாமே. உங்கப்பா சொன்னாரு."

"குதிக்கலை. படியிலதான் இறங்கினேன்."

"அதுவரைக்கும் சரி." கண்ணை மூடிக்கொண்டாள். "இந்த மனுஷன் தெக்கே போறாராம். கேட்டியா?"

"கேட்டேன்."

தெற்கே அரசாங்கம் புது நிலத்தைத் திறக்கப்போகிறது என்று அந்தக் கோடை முழுவதும் ஒரே பேச்சு. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஆளுக்கு ஒரு துண்டைப் பிடித்துக்கொள்ளலாமாம். டன்மோரில் சோளம் தட்டையிலேயே கருகிப்போயிருந்தது. கிணறுகளில் வாளி அடியில் முட்டியது. ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஆட்கள் மட்டுமல்ல, வீடுகளும். பலகை வீட்டை அப்படியே தூக்கி உருளைக் கட்டைகளின் மேல் வைத்து, எருதுகளைப் பூட்டி, தெற்கே இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் தெரு பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிட்டது.

"ஓஹியோவுல ஆரம்பிச்சோம்" என்றாள் பெக்வித் அம்மா. "அப்புறம் இல்லினாய். அப்புறம் ஐயோவாவுல ரெண்டு ஊரு. அப்புறம் இங்க. ரயில் வரப்போகுதுன்னு சொல்ற ஊருக்கு நாங்க போவோம். ரயில் பக்கத்து ஊருக்குப் போயிடும். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு லைலாக் செடி நட்டேன். அது பூக்க வருஷக்கணக்கு ஆகும். பூக்கற வரைக்கும் நாங்க எங்கயுமே இருந்ததில்லை."

"இங்க மொட்டு வெச்சதே போன வருஷம்."

"ஆமா. காத்து தின்னுருச்சு." கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, "இந்தத் தடவை வரமாட்டேன்னு சொல்லிட்டேன். ஓஹியோவுல எங்கக்கா இருக்கா. செங்கல் வீடு. வாசல்லயே கிணறு. அங்க போறேன்னு ஒரு தடவை இல்ல, பத்துத் தடவை சொல்லிட்டேன். ரயில் டிக்கெட்டுக்குக் காசு என் தொப்பி உள்துணியில வெச்சுத் தெச்சிருக்கேன். அவருக்குத் தெரியாது. ஆனா பாரு டில்டா, அந்த மனுஷன் எனக்கே எனக்குன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னாருன்னு வெச்சுக்கோ, அந்த இரும்புப் பொணத்தை மறுபடியும் வண்டியில ஏத்த நானே தோள் குடுப்பேன். அப்படி ஒரு மடச்சி நான்."

இரும்புப் பிணம் என்றது அச்சு இயந்திரத்தை. அது ஒரு தடவை ஆற்றில் விழுந்து எழுந்தது.

"ஊர்ல செத்தவன் ஒருத்தன் விடாம எழுதிட்டாரு" என்றாள். "பன்னி வளத்தவனுக்கு எழுதினாரு. குதிரை திருடிட்டுத் தூக்குல தொங்கினவனுக்கும் எழுதினாரு. என்ன பண்றது, நான்தான் இன்னும் சாகலை."

போர்வை காய்ந்துவிட்டிருந்தது. அதை நனைக்கக் கீழே எடுத்துக்கொண்டு போனேன்.

*

எடிட்டர் உயரமான மனிதர். உட்காரவே மாட்டார். அச்சகக் கடைக்குள்ளும் தலையில் தொப்பி இருக்கும், எந்த நேரமும் எங்கேயோ கிளம்பப்போகிறவர் போல. பாட்டு எழுதும்போது முன்கதவிலிருந்து பின்சுவர் வரை நடப்பார். மறுபடி முன்கதவு வரை. பலகைத் தரையில் அந்தப் பாதை மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. சாப்பாடும் நின்றபடிதான். அவித்த பீன்ஸும் சோளரொட்டியும் ஒரு கையில், பென்சில் மறு கையில்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. பெக்வித் அம்மா படுத்ததிலிருந்து பாதி நாள் மாடியில்தான் இருந்தார். துணி பிழிந்தார், மருந்து கொடுத்தார், வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவினார். ஆனால் அவளோடு பேசமாட்டார். கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடப்பார். அவள், "உக்காருங்க மிஸ்டர் பெக்வித், தலை சுத்துது" என்பாள். அவர் உட்காருவார். இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் ஒரு தாளை மடித்து என் கையில் வைத்தார். மருந்துப் பொட்டலம் சுற்றி வந்த தாள்.

"இதைக் கோத்து மூலைத் தட்டுல வெச்சிரு. யாருகிட்டயும் காட்டாதே" என்றார். என் முகத்தைப் பார்க்காமல், "டாக்டர் நம்பிக்கை இல்லேன்னுட்டாரு" என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டார்.

மூலைத் தட்டு என்பது எங்கள் அச்சகத்தில் மட்டும் தெரிந்த விஷயம். பத்திரிகை வியாழக்கிழமை வரும். சாவு வியாழக்கிழமை பார்த்து வராது. அதனால் இனிப் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னவுடனேயே எடிட்டர் பாட்டை எழுதிவிடுவார். நாங்கள் அதை ஈய எழுத்தில் கோர்த்து, ஒரு தட்டில் வைத்து, மெழுகுத்துணியால் மூடிவிடுவோம். அந்த மூலைக்கு 'வெயிட்டிங் ரூம்' என்று பெயர். ஆள் பிழைத்துவிட்டால் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிடுவோம். கொல்லர் டிரம்புல் அப்படிப் பலமுறை எங்கள் தட்டில் செத்துப் பிழைத்தவர். இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

பெயரை மட்டும் முன்னாலேயே கோர்க்கமாட்டோம். உயிரோடு இருக்கிறவரின் பெயரைச் சாவுப் பாட்டுக்கு மேல் வைப்பது ஆகாது என்று அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவளே பெக்வித் அம்மாதான். காய்ச்சலில் விழும்வரை இந்தக் கடையில் எனக்குப் பக்கத்தில் நின்று எழுத்துக் கோர்த்தவள் அவள். எனக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான்.

ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும். எங்களுக்கு அது பழகிப்போனது. கோர்க்கக் கோர்க்க நான் படித்தேன்.

ஆற்றின் நடுவில் சக்கரம் முறிந்தது;
அவள் சிரித்தாள், நானும் கரை கண்டேன்.
இறங்கிய முற்றத்தில் எல்லாம் செடி நட்டாள்;
பூத்தவை யாவும் யார் யாருக்கோ பூத்தன.
வீடென்று நான் கைகாட்டிய இடமெல்லாம்
அவள் விளக்கை இறக்கி வைத்த இடம்.

இப்படிப் போயிற்று. அவர் எழுதியதில் இவ்வளவு நன்றாக வேறெதுவும் நான் கோர்த்ததில்லை. என் விரல் ஒன்றிரண்டு இடத்தில் நின்றுவிட்டது.

*

அப்போது எங்களிடம் கஸ் டூலன் என்று ஒரு நாடோடி அச்சுக்காரன் வேலை செய்துகொண்டிருந்தான். அந்தக் காலத்தில் இப்படி ஆட்கள் வருவார்கள். சரக்கு ரயிலில் தொற்றி வந்து, கதவில் சாய்ந்து, "கோக்கறதுக்கு எதாவது இருக்கா?" என்பார்கள். சில வாரம் இருப்பார்கள். ஒரு நாள் காலையில் அவர்களுடைய ஸ்டூல் காலியாக இருக்கும். அவ்வளவுதான். எங்கள் மாநிலத்தில் சாராயம் கிடையாது என்பதால் கஸ்ஸுக்கு வாரம் இரண்டு முறை வயிற்றுவலி வரும். மருந்துக் கடைக்காரர் அதற்கு ஒரு பாட்டில் கொடுப்பார்.

"ஏன் இவங்கள்லாம் சொல்லாமயே போறாங்க?" என்று பெக்வித் அம்மா நன்றாக இருந்த நாளில் ஒருமுறை அவனிடம் கேட்டிருந்தாள்.

"போறேன் போறேன்னு சொல்றவன் போறவன் இல்லம்மா" என்றான் கஸ். "அவன் பேரம் பேசறவன். இருன்னு யாராவது சொல்லமாட்டாங்களான்னு பாக்கறவன். நெசமா போறவனுக்குச் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நரி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், கோர்த்துக்கொண்டிருந்த வரியைக் கலைத்து முதலிலிருந்து கோர்த்தாள்.

வியாழக்கிழமை விடிந்தபோது காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. நானும் எடிட்டரும் மாடியைவிட்டு அசையவில்லை. அவள் யார் யாரையோ கூப்பிட்டாள். "சக்கரத்தைப் பாருங்க, சக்கரத்தைப் பாருங்க" என்றாள். எடிட்டர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு முதல் முறையாக அசையாமல் உட்கார்ந்திருந்தார். கீழே கஸ் தனியாகப் பத்திரிகையை முடித்தான்.

காலையில் வண்டியில் போன ஒருவர் கதவருகே நின்று சொல்லிவிட்டுப் போனாராம்: புதன்கிழமை சாயங்காலம் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து வரும்போது வெயில் தாங்காமல் விழுந்து, ஸ்வென் ஹல்ட்டின் மனைவி பிரிட்டா இறந்துவிட்டாள். ஹல்ட் எங்களைப் போலவே ஸ்வீடனிலிருந்து வந்தவர்தான். எங்கள் அப்பாவின் நிலத்துக்கும் அப்பால், மண்கட்டி வீட்டில் இருந்தார். கஸ் சாவுச் செய்தியைக் கோர்த்தான். பாட்டு வேண்டும். எடிட்டரைக் கூப்பிட மாடிப்படி வரை வந்தவன், மேலே கேட்ட சத்தத்தில் திரும்பிவிட்டான். மூலையில் மெழுகுத்துணியைத் தூக்கிப் பார்த்தான். ஒரு பாட்டு இருந்தது. பெயர் இல்லை. மளிகைக் கடைக்காரர் ஊரைவிட்டுப் போவதால் விளம்பரத்தை நிறுத்தியிருந்தார். அந்த இடம் வேறு வெறுமையாகக் கிடந்தது. இருபது வரியும் அளந்து வைத்ததுபோல் அதில் உட்கார்ந்தது.

சாயங்கால ரயிலில் பத்திரிகைக் கட்டு போய்விட்டது. மறுநாள் விடியற்காலையில் காய்ச்சல் விட்டது.

*

"கஞ்சி" என்றாள் பெக்வித் அம்மா. அதுதான் முதல் வார்த்தை.

எடிட்டர் அழுதார். சத்தம் வராமல், தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டு. பிறகு தடதடவென்று படியிறங்கிப் போனார். நான் சோளக்கஞ்சி கிண்டக் கீழே வந்தபோது அவர் கையில் பத்திரிகை இருந்தது. முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"யாரைக் கேட்டுடா போட்டே?"

"யாரைக் கேக்கணும்? செத்தவளையா?" என்றான் கஸ். "பாட்டு இருந்துச்சு. பொணம் இருந்துச்சு. ரெண்டையும் சேத்தேன். அதானே இங்க வழக்கம்?"

"அது அவளுக்கு எழுதினது இல்ல!"

"அப்ப யாருக்கு? இந்த ஊர்ல வேற யாரும் படுக்கையில…" கஸ் நிறுத்தினான். மாடியைப் பார்த்தான். என்னையும் என் கையிலிருந்த கஞ்சிப் பானையையும் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. "எடிட்டரே. அந்தம்மா கஞ்சி கேக்குது."

"தெரியும்."

"நான் புதுசு. எனக்கு எப்படித் தெரியும்? பேரு இல்லையே அதுல."

"தெரியும், தெரியும்." எடிட்டர் நடக்க ஆரம்பித்தார். கதவு, சுவர், கதவு. "அவ கண்ணுல படக்கூடாது. டில்டா, இந்த வாரம் அவ பேப்பர் படிக்கவேண்டாம். கண்ணு வலிக்கும்னு சொல்லு."

ஆனால் நான் கஞ்சியோடு மேலே போனதும் அவள் கையை நீட்டினாள். "பேப்பர் எங்க? நான் இல்லாம எத்தனை பிழை விட்டிருக்கீங்களோ." கண் வலிக்கும் என்றேன். "கண்ணு என்னுது" என்றாள். என்னால் இன்னொரு தடவை பொய் சொல்ல முடியவில்லை. போய் எடுத்து வந்து கொடுத்தேன்.

ஒரு கையில் பென்சிலும் மறு கையில் பத்திரிகையுமாக, பிழை பார்ப்பவளாகவே படித்தாள். கடைசிப் பத்தியில் பென்சில் நின்றது. வெகுநேரம் நின்றது. கஞ்சியில் ஆடை படர்ந்தது.

"பிரிட்டா ஹல்ட்டை மிஸ்டர் பெக்வித் பாத்திருக்காரா?"

நான் கரண்டியால் ஆடையை ஒதுக்கினேன்.

"இதை நீதானே கோத்தே? உன் இடைவெளி எனக்குத் தெரியாதா? எப்போ கோத்தே?"

"செவ்வாய்க்கிழமை."

"புதன்கிழமை சாயங்காலம் செத்தாள்னு போட்டிருக்கு."

வெளியே காற்று பலகைச் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் பத்திரிகையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். "கஞ்சி ஆறிப்போச்சு. சூடாக் கொஞ்சம் கொண்டுவா. உப்பு போதலை" என்றாள்.

எடிட்டரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் அவர் தெற்கே போவதைப் பற்றி மட்டும் பேசினார். எருதுகளுக்குச் சொல்லிவைத்திருப்பதாகவும் புதுப் பத்திரிகைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசிப்பதாகவும் சொன்னார். அவள் தலையணையில் சாய்ந்தபடி அவர் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்று அவர் வாயிலிருந்து வரும் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தாள் என்றுதான் எனக்குப் பட்டது.

*

அடுத்த சனிக்கிழமை அவள் முதல் முறையாகக் கீழே இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று. ஆணியில் மாட்டியிருந்த தன் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அது இரண்டு சுற்று வந்தது. "துணி வளந்திருக்கு" என்றாள். கஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டான். எடிட்டர் மையுருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஸ்வென் ஹல்ட் உள்ளே வந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்துவரை பட்டன். வெயிலில் எட்டு மைல் நடந்து வந்திருந்தார். கையில் ஈரத்துணியில் சுற்றிய வெண்ணெய்க் கட்டி. அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். என்னைப் பார்த்ததும் எங்கள் மொழியில் பேச ஆரம்பித்தார்.

"யோகானோட பொண்ணுதானே நீ? எனக்காக எடிட்டர் அய்யாகிட்ட சொல்லும்மா. இந்தப் பேப்பரை எங்க பாதிரியார் எனக்குப் படிச்சுச் சொன்னாரு. மூணு தடவை படிக்கச் சொன்னேன்."

நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எடிட்டர் தலையை ஆட்டினார்.

"எனக்கு ஒண்ணு தெரியணும்" என்றார் ஹல்ட். "ஆத்து நடுவுல சக்கரம் முறிஞ்சது நெசம். அவ சிரிச்சதும் நெசம். வண்டியில கோதுமைமாவு, மெத்தை எல்லாம் நனைஞ்சு போச்சு, நான் தலையில கைவெச்சு நிக்கறேன், அவ கரையில உக்காந்து சிரிக்கறா. அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம். அய்யா எம்பொண்டாட்டிய எங்க பாத்தாரு? யாரு சொன்னா இவருக்கு?"

இதை நான் இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். எடிட்டரின் வாய் திறந்தது, மூடியது. கஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எடிட்டர் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லாமலே இருந்துவிடுவாரோ என்றும் இருந்தது.

"டில்டா, அவருகிட்ட சொல்லு" என்றாள் பெக்வித் அம்மா. "பிரிட்டா இங்க வந்திருந்தா. வசந்தத்துல முட்டை விக்க வந்தா. அடுப்புகிட்ட உக்காந்து காப்பி குடிச்சோம். அவதான் என்கிட்ட சொன்னா. நான் இவருகிட்ட சொன்னேன். அவ்வளவுதான்."

பிரிட்டா ஹல்ட் எங்கள் கடைப் பக்கம் வந்ததே இல்லை. நான் மொழிபெயர்த்தேன்.

ஹல்ட் பெக்வித் அம்மாவையே பார்த்தார். "வெள்ளைக்கோழி முட்டையா?"

"பழுப்பும் இருந்துச்சு" என்றாள் அவள்.

"என்னப் பத்தி…" அவர் வெண்ணெய்க் கட்டியை மேசைமேல் வைத்தார். "என்னப் பத்தி எதாவது சொன்னாளா?"

நான் அதைச் சொன்னதும் அவள் எடிட்டரைப் பார்த்தாள். பிறகு ஹல்ட்டிடம் திரும்பினாள்.

"சொன்னா. 'அவருக்கு வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லத் தெரியாது. ஆனா நான் பேசினா வேலையை நிறுத்திட்டு கேப்பாரு'ன்னு சொன்னா."

ஹல்ட் அந்தப் பெரிய கைகளால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேப்பேன்" என்றார். "நெசந்தான். அவ பேசினா நின்னுருவேன்."

அந்தப் பாட்டைக் கெட்டி அட்டையில் அடித்துத் தரமுடியுமா, வீட்டுச் சுவரில் அறைந்து வைக்கவேண்டும், ஸ்வீடனில் மாமியாருக்கும் ஒன்று அனுப்பவேண்டும் என்றார். கோர்த்த எழுத்து கலையாமல் மூலைத் தட்டில்தான் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. எடிட்டர், "அது வந்து…" என்று ஆரம்பித்தார். பெக்வித் அம்மா அதற்குள் தட்டை இழுத்துவிட்டாள். எழுத்துப் பெட்டி முன்னால் நின்று, பெரிய எழுத்துகளைத் தேடித் தேடி எடுத்தாள். பிரிட்டா ஹல்ட் என்று தன் கையாலேயே கோர்த்து, அந்த இருபது வரிக்கு மேலே வைத்து, ஓரத்தில் கறுப்புப் பட்டை கட்டினாள்.

"ரெண்டு பிரதி அடி, கஸ்" என்றாள். "மை கொஞ்சமாப் போடு. ஊறிடப் போகுது."

*

ஹல்ட் போனபிறகு வெண்ணெய் மேசைமேல் உருகிக்கொண்டிருந்தது. கஸ் வெளியே வாசலில் போய்ப் புகையிலையை மென்றான்.

"ஏன் குடுத்தே?" என்றார் எடிட்டர்.

"நான் எங்க குடுத்தேன்? அது போன வாரமே போயாச்சே."

"அது உன்னோடது, ஹெப்சி. அந்த ஆறு நம்ம ஆறு. ஐயோவாவுல. நீதானே சிரிச்சே."

"இங்க வந்தவங்க எல்லாருமே ஆறு தாண்டித்தான் வந்தாங்க, மிஸ்டர் பெக்வித். சக்கரம் முறியாத வண்டி ஏது? அந்த மனுஷன் இருவது வரியையும் கேட்டாரே, ஒரு வரியாவது எம்பொண்டாட்டியப் பத்தி இல்லேன்னு சொன்னாரா?"

"நான் உன்னை நினைச்சுத்தான் எழுதினேன்."

"சரி. அதுல நான் எங்க இருக்கேன்? செடி நட்டா, விளக்கு வெச்சா, சிரிச்சா. நல்லவ. இத்தனை வருஷமா உங்க பக்கத்துல நின்னு உங்க பாட்டு ஒவ்வொண்ணையும் கோத்தவ யாரு? நீங்க முழுங்கின அடியை எல்லாம் எண்ணிச் சொன்னவ யாரு? இந்தா." கையை நீட்டிக் காட்டினாள். நகக்கண்ணில் பழைய மை, காய்ச்சலிலும் போகாமல் இருந்தது. "இது எங்க?"

"மையெல்லாம் பாட்டுல வராது, ஹெப்சி" என்றார் அவர். உண்மையாகவே சொன்னார். அவளுக்கு விளக்குவதுபோல் மெதுவாக.

அவள் அதற்குச் சிரித்தாள். உதடு ஆறியிருந்ததால் முழுதாகவே சிரித்தாள்.

"பயத்துல எழுதினது அது" என்றார். நடை ஆரம்பித்துவிட்டது. "நீ போயிடுவேன்னு நினைச்சேன். எனக்கு வேற எதுவும் செய்யத் தெரியலை. இப்போ எழுதறேன். உனக்கே உனக்குன்னு. இது நல்லா வரும், பாரேன். யாருக்கும் குடுக்கவேண்டாம். அச்சுலகூட வேண்டாம்."

"இப்பவா?"

"இப்பவே."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் என் கை அப்படியே நின்றுவிட்டது. அது கோபமில்லை. வேலைக்கு நடுவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது அவள் முகம்.

"எழுதுங்க, ஓரின்" என்றாள். அவரைப் பெயர் சொல்லி அவள் அழைத்து நான் கேட்டதில்லை. "இதைப் பிரிச்சு முடிக்கறவரைக்கும் இங்கதான் இருக்கேன்."

தட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். பாட்டின் எழுத்துகளைக் கட்டு அவிழ்த்து, ஒரு வரியை இடது கையில் ஏந்தி, ஒவ்வொன்றாக அதனதன் அறையில் போட ஆரம்பித்தாள். டிக், டிக் என்று ஈயம் மரத்தில் விழுந்தது. நன்றாக இருந்த நாட்களில் அவளுடைய கையை மழை என்பார் எடிட்டர். அன்று அவள் நிதானமாகத்தான் போட்டாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் நடந்தார். கதவு, சுவர், கதவு. பென்சிலைக் கடித்தார். ஒரு வார்த்தை எழுதி அடித்தார். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. உத்தரத்தைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே புழுதியைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார். ஆறு போயிற்று, செடி போயிற்று. விளக்கு இருந்த வரியை அவள் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். அதுவும் பெட்டிக்குள் போயிற்று. கடைசியாக பிரிட்டாவின் பெயர் மிஞ்சியிருந்தது.

திடீரென்று எடிட்டரின் முகம் மலர்ந்தது. "வந்துருச்சு!" என்றார். தாளை எட்டப் பிடித்து, தன் பாட்டைப் படிக்கும்போது மட்டும் வரும் அந்தக் குரலில் படித்தார்:

"மெல்ல வீசு, புல்வெளிக் காற்றே, மெல்ல;
அசையாமல் நில்லுங்கள், புற்களே, இந்த மேட்டில்…"

வாசலில் இருந்த கஸ், பாட்டைக் கேட்டதும் தன்னையறியாமல், சாவு வீட்டில் நிற்பவன்போல், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

எடிட்டருக்கு அது தெரியவில்லை. "இன்னும் இருக்கு. இரு, இரு, அடுத்தது இதைவிட நல்லா வரும்" என்று சொல்லிக்கொண்டே பின்சுவரை நோக்கித் திரும்பி நடந்தார்.

பெக்வித் அம்மா கையிலிருந்த கடைசி எழுத்தைப் பெட்டியில் போட்டாள். தொட்டியில் சோப்புத் தண்ணீரில் கையைக் கழுவினாள். நகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். துண்டில் துடைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, பக்கத்து ஆணியிலிருந்த தன் தொப்பியை எடுத்து, உள்துணியை விரலால் தொட்டுப் பார்த்து, தலையில் வைத்து, தாடைக்கு அடியில் நாடாவை முடிந்துகொண்டாள். என்னைத் தாண்டிப் போகும்போது என் தோளில் ஒரு கணம் கை வைத்தாள். கஸ் வாசலைவிட்டு விலகி நின்றான்.

நடுவில் இருந்த வீடுகளெல்லாம் தெற்கே போய்விட்டதால், எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் ரயில் நிலையம் வரை தெரியும். உள்ளே எடிட்டர் மூன்றாவது வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவள் தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி, காற்றுக்கு எதிராகச் சாய்ந்து, தெருவின் நடுவில் அந்தப் பக்கமாக நடந்து போனாள்.